விளம்பரமே இல்லாமல் விற்பது எப்படி? இ-சிகரெட்டும் பள்ளிப் பிள்ளைகளும்

போன வருடம் ஒரு மாலை, சென்னைப் புறநகரில் ஆசிரியையாக இருக்கும் தோழியைப் பார்க்க அவள் பள்ளிக்கே போயிருந்தேன். ஆசிரியர் அறையில் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். விரல் நீளம்தான். ஒரு முனை தர்பூசணிச் சிவப்பு, மறுமுனைக்குப் போகப் போகப் பச்சை. ஹைலைட்டர் பேனா என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோனால் பபிள்கம் வாசனை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்ததாம்.

"சிகரெட்டாடா இது?" என்று அவள் கேட்டதற்கு, "சிகரெட் இல்ல மிஸ், ஃப்ளேவர் மட்டும்தான்" என்றிருக்கிறான். இதை எங்கே பார்த்தாய், ஏதாவது விளம்பரம் வந்ததா என்று கேட்டாளாம். "விளம்பரம்லாம் எதுவும் வரல மிஸ். இது எல்லாருக்கும் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவே இல்லை. அது இ-சிகரெட்: பேட்டரியால் திரவத்தைச் சூடாக்கி, புகையிலையில் இருக்கும் அடிமையாக்கும் பொருளான நிகோடினை ஆவியாக இழுக்கும் கருவி. இந்தியாவில் அதைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 முதல் குற்றம். அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். டிவியில் வருவதில்லை, பத்திரிகையில் வருவதில்லை, சுவரில் ஒட்டுவதில்லை. அப்படியிருக்க, 15 வயதுப் பையனுக்கு அது "எல்லாருக்கும் தெரிந்த" பொருளாக எப்படி ஆனது? பதில் தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பொருளைப் பிள்ளைகளின் பொருளாக மாற்றிய வேலை பெரிய அளவில் நடந்தது அங்கே. அது எப்படி நடந்தது என்பது விசாரணைகளிலும் வழக்குகளிலும் வெளியே கொட்டியதும் அங்கேதான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது 1971 ஜனவரி 2 அன்று. புத்தாண்டு அன்றே வந்திருக்கலாமே, ஏன் ஒரு நாள் தள்ளி? ஜனவரி 1 அன்று பெரிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகள் ஒளிபரப்பாகும்; அந்த ஒரு நாள் விளம்பர வருமானத்தைச் சேனல்கள் இழக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அன்றிரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், பெண்களைக் குறிவைத்த ஒரு சிகரெட்டின் விளம்பரம் ஓடியது. அதுதான் கடைசி.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பாதி இருக்கிறது. 1967 முதல் அமெரிக்காவில் ஒரு விதி இருந்தது: சிகரெட் விளம்பரம் போடும் சேனல், புகைப்பதன் கேடுகளைச் சொல்லும் விளம்பரங்களுக்கும் கணிசமான நேரம் ஒதுக்க வேண்டும். அந்த எதிர்விளம்பரங்கள் நன்றாக வேலை செய்தன. அந்த ஆண்டுகளில் தலைக்கு இத்தனை என்ற சிகரெட் கணக்கு இறங்கியது. 1971இல் சிகரெட் விளம்பரம் நின்றதும் எதிர்விளம்பரங்களும் கிட்டத்தட்ட மறைந்துபோயின. அடுத்த சில ஆண்டுகளில் நுகர்வு மறுபடி ஏறியது. கம்பெனிகளின் பணமோ எங்கும் போய்விடவில்லை. பத்திரிகைகளுக்கும் சாலையோரப் பலகைகளுக்கும் போனது. டென்னிஸ் போட்டிகளுக்கும் கார் பந்தயங்களுக்கும் ஸ்பான்சராகப் போனது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குப் போகும். விளம்பரக் கட்டுப்பாட்டைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

அப்புறம் ஜோ கேமல் வந்தது. கேமல் சிகரெட் விளம்பரத்தில் வந்த, கருப்புக் கண்ணாடி போட்ட கார்ட்டூன் ஒட்டகம். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வயதுப் பிள்ளைகளில் சுமார் 91 சதவீதம் பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸை அடையாளம் கண்ட அளவுக்கு இதையும் கண்டார்கள். 1997இல் ஒட்டகம் ஓய்வு பெற்றது. 1998இல் 46 மாநிலங்கள் பெரிய சிகரெட் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கார்ட்டூன், சாலையோரப் பலகை, பேருந்து விளம்பரம் எல்லாம் கைவிடப்பட்டன.

மாசசூசெட்ஸ் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. பள்ளிகளிலிருந்து 1,000 அடிக்குள் வெளிப்புறப் புகையிலை விளம்பரம் கூடாது. கடைக்குள் 5 அடி உயரத்துக்குக் கீழே, அதாவது குழந்தைகளின் கண் மட்டத்தில், விளம்பரம் வைக்கக் கூடாது என்று விதி போட்டது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளுபடி செய்தது. சிகரெட் விளம்பரத்துக்கு மத்திய சட்டம் இருக்கிறது, மாநிலம் தலையிட முடியாது என்றது; மற்ற புகையிலைப் பொருள்களுக்குப் பேச்சுரிமை என்றது. 5 அடி விதியைப் பற்றிச் சொன்னது இன்னும் மறக்க முடியாதது: எல்லாக் குழந்தைகளும் 5 அடிக்குக் குறைவானவர்கள் அல்ல, குறைவாக இருப்பவர்களாலும் நிமிர்ந்து பார்க்க முடியுமே என்றது. சட்டப்படி அது சரியான தர்க்கமாக இருக்கலாம். ஆனால் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில், தன் மூக்குக்கு நேரே, வண்ணப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தையை மனதில் வைத்து அதை மறுபடி படித்துப் பாருங்கள்.

இந்த நிலவரத்தில்தான் இ-சிகரெட் வந்து சேர்ந்தது. இன்றைய வடிவத்துக்கு மூலமான கருவியைச் சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் 2003 வாக்கில் உருவாக்கினார். சில ஆண்டுகளில் அது அமெரிக்காவுக்கு வந்தது. 1971 சட்டம் சிகரெட்டைப் பற்றியது, 1998 ஒப்பந்தமும் சிகரெட்டைப் பற்றியது. இது சிகரெட் இல்லையே! எரியும் இலை இல்லை, சாம்பல் இல்லை. ஆகவே 40 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாயிலிருந்து புகை விடும் மனிதர்கள் மறுபடி தோன்றினார்கள். ப்ளூ என்ற பிராண்டுக்கு சினிமா, டிவி பிரபலங்கள் நடித்தார்கள். 2013இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது சில நகரங்களில் என்ஜாய் என்ற பிராண்டின் விளம்பரம் ஓடியது. 2011இல் 64 லட்சம் டாலராக இருந்த இ-சிகரெட் விளம்பரச் செலவு 2014இல் 11.5 கோடி டாலர் ஆனது. அந்த ஆண்டு அமெரிக்க நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பத்துக்கு ஏழு பேர், 1.8 கோடிக்கும் மேல், ஏதோ ஓர் இ-சிகரெட் விளம்பரத்தைப் பார்த்திருந்தார்கள். மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இந்தப் பொருளைத் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்ததே 2016 ஆகஸ்டில்தான்.

இடையில் 2015 ஜூன். ஜூல் என்ற இ-சிகரெட் அறிமுகமானது.

ஜூல் கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் வடிவமே பாதி விளம்பரம். ஜேம்ஸ் மான்சீஸ், ஆடம் போவன் என்ற இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருள் வடிவமைப்பு படித்தவர்கள். அவர்கள் செய்தது பென் டிரைவ் போன்ற ஒரு தட்டையான சாம்பல் நிறக் கட்டி. பட்டன் கிடையாது; வாயில் வைத்து இழுத்தால் தானாக வேலை செய்யும். இரண்டு தட்டு தட்டினால் நடுவில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லும். இழுத்தபடி ஆட்டினால் அதே விளக்கு வானவில் நிறங்களில் மின்னும். பயனர்கள் அதற்கு 'பார்ட்டி மோட்' என்று பேர் வைத்தார்கள். கணினியின் யுஎஸ்பி துளையிலேயே சார்ஜ் ஏறும். வகுப்பறை மேசையில் லேப்டாப்பில் செருகியிருந்தால் எந்த ஆசிரியருக்கும் சந்தேகம் வராது.

மேல் முனையில் செருகும் 'பாட்' என்ற குப்பிக்குள் இருப்பது 0.7 மில்லி திரவம். ஆனால் அதில் நிகோடின் அளவு 5 சதவீதம். ஒரு பாட் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று கம்பெனியே சொன்னது. இவ்வளவு நிகோடினை நேரடியாக இழுத்தால் பழக்கமில்லாதவருக்குத் தொண்டை எரிந்து இருமல் வரும். முதல் இழுப்பிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜூல் அதில் பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பு வடிவத்துக்கு மாற்றியது. எரிச்சல் அடங்கியது. அதன்மேல் மாம்பழம், புதினா, க்ரீம் ப்ரூலே, பழக்கலவை வாசனை. முன்பெல்லாம் முதல் சிகரெட்டின் இருமலே பல பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய காவல்காரனாக இருந்தது. இங்கே அந்தக் காவல் இல்லாமல் போனது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஜூல் பயன்படுத்திய 15 முதல் 24 வயதுள்ளவர்களில் 63 சதவீதம் பேருக்கு அதில் எப்போதும் நிகோடின் உண்டு என்பதே தெரியவில்லை. தோழியின் மாணவன் சொன்ன "ஃப்ளேவர் மட்டும்தான்" என்பதும் இதுவேதான்.

அறிமுக விளம்பரத்தின் பேர் 'வேப்பரைஸ்டு'. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் நீலமும், முக்கோண வடிவங்கள், இருபதுகளில் இருக்கும் மாடல்கள், ஆடும் தோரணை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ராட்சதப் பலகைகள். நகரம் நகரமாக விருந்துகள், அங்கே இலவச மாதிரிகள். இன்ஸ்டாகிராமில் அழகான இளைஞர்கள் கையில் அந்தக் கட்டி. 25 முதல் 34 வயது வரையிலான பெரியவர்களுக்காகச் செய்ததுதான், சில மாதங்களில் நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி பின்னால் சொன்னது. ஆனால் 2020 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக (அட்டர்னி ஜெனரல்) இருந்த மௌரா ஹீலி தொடுத்த வழக்கு வேறு கதை சொன்னது. நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க் போன்ற குழந்தைகள் பார்க்கும் இணையதளங்களிலும் பதின்வயதுப் பெண்களுக்கான பத்திரிகையின் தளத்திலும் கம்பெனி விளம்பர இடம் வாங்கியது என்பது அதன் குற்றச்சாட்டு.

எண்களைப் பாருங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் கடந்த 30 நாட்களுக்குள் இ-சிகரெட் இழுத்தவர்கள் 2011இல் 1.5 சதவீதம். 2017இல் 11.7. அடுத்த ஆண்டே 20.8. 2019இல் 27.5. நான்கில் ஒருவருக்கும் மேல்! 2018 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. ஆணையர் ஸ்காட் காட்லிப் இதைத் தொற்றுநோய் என்றே சொன்னார். டிசம்பரில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸும் அதே சொல்லைப் பயன்படுத்தினார். அதே டிசம்பரில்தான் மார்ல்பரோ சிகரெட்டின் கம்பெனியான ஆல்ட்ரியா, 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதப் பங்கை வாங்கியது. சிகரெட்டுக்கு மாற்று என்று பிறந்த பொருளைச் சிகரெட் கம்பெனி கைநீட்டி வாங்கிய அந்த மாதம் எனக்கு நிறையச் சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. 'வேப்பரைஸ்டு' ஓடியது 2015இல். பள்ளிகளில் வெடித்தது 2017, 2018இல். அப்படியானால் விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கம்பெனித் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் விதைத்த அன்றே யாரும் அறுப்பதில்லை. விளம்பரம் எல்லாப் பிள்ளைகளையும் போய்ச் சேர வேண்டியதில்லை. கவனிக்கப்படும் சிலரின் கையில் பொருளை வைத்தால் போதும். மிச்சத்தை அந்தக் கைகள் பார்த்துக்கொள்ளும். 2018 நவம்பரில் நெருக்கடி முற்றி, ஜூல் அமெரிக்காவில் தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை மூடியது. ஆனால் ஜூல் ஹேஷ்டேக்கில் பதிவுகள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் பெருகின. கழிவறையில் எடுத்த செல்ஃபி, வகுப்பில் ஆசிரியர் திரும்பிய நொடியில் விடும் புகை, அந்த விளக்கை மின்னவைக்கும் போட்டி. யாரும் காசு கொடுக்கவில்லை. எல்லாம் பிள்ளைகளே செய்தார்கள். கம்பெனியின் பேரே வினைச்சொல்லாகிவிட்டது. இழுப்பதை அமெரிக்கப் பிள்ளைகள் 'ஜூலிங்' என்றார்கள். "எல்லாருக்கும் தெரியும்" என்ற நிலை இப்படித்தான் பிறக்கிறது. அதற்கப்புறம் விளம்பரத்தைத் தடை செய்தால் தடை செய்ய அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

2019 ஜூலை 24, 25 தேதிகளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. தலைவராக இருந்தவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இல்லினாய் மாநிலத்திலிருந்து தேர்வானவர். முதல் நாள் சாட்சிகளில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஜாக்லர். பழைய புகையிலை விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்து வைத்திருப்பவர். பிள்ளைகளை எப்படி ஏமாற்றினார்கள் என்று உலகம் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சேகரிப்பு. அது தங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது என்று மான்சீஸே தன்னிடம் சொன்னதாக ஜாக்லர் சொன்னார். நோயைப் படிக்கச் சேர்த்து வைத்த கிருமிக் குடுவை, யார் கைக்கெல்லாம் போகிறது பாருங்கள்.

துணைக்குழு சேகரித்த ஆவணங்களில் இன்னொன்று வந்தது. ஒரு கோடைக்கால முகாம் நடத்த ஒரு பள்ளி அமைப்புக்கு ஜூல் 1,34,000 டாலர் கொடுத்திருந்தது. நியூயார்க்கில் ஒரு பள்ளி வகுப்புக்குக் கம்பெனி சார்பில் ஒருவர் வந்து, ஆசிரியர்கள் இல்லாத நேரத்தில், இது முழுக்கப் பாதுகாப்பானது என்று பேசிவிட்டுப் போனதாக மாணவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த செப்டம்பரில் எஃப்.டி.ஏ. ஜூலுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பள்ளியில் பேசியதும் அதில் இருந்தது. விளம்பரப் பலகையில் எழுதினால் சட்டம் பிடிக்கும் ஒரு வாக்கியம், வகுப்பறையில் வாயால் சொன்னால் விழிப்புணர்வுப் பேச்சாகிவிடுகிறது. நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: 'விழிப்புணர்வு' என்று வருபவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேளுங்கள்.

அதே மாதம் ஜூல் அமெரிக்காவில் எல்லா விளம்பரங்களையும் நிறுத்தியது. 2019 டிசம்பரில் புகையிலைப் பொருள் வாங்கும் வயது நாடு முழுக்க 21 ஆனது. காசு வாங்கிக்கொண்டு வேப்பிங்கை, அதாவது இ-சிகரெட் இழுப்பதை, புகழும் பதிவுகளை இன்ஸ்டாகிராம் அந்த மாதம் தடை செய்தது. 2020 ஜனவரியில் எஃப்.டி.ஏ., குப்பி மாட்டும் கருவிகளில் புகையிலை, மென்தால் தவிர்த்த வாசனைகள் கூடாது என்றது. அந்த விதியில் ஒரு சொல் மட்டும் பெரிய ஓட்டையானது: 'குப்பி'. குப்பியே இல்லாமல், தீர்ந்ததும் அப்படியே தூக்கிப் போடும் கருவி இதில் வரவில்லை. உடனே பஃப் பார் என்ற அந்த வகை பிராண்ட் சந்தையை நிரப்பியது. இ-சிகரெட் இழுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இந்தத் தூக்கிப்போடும் வகையைப் பயன்படுத்தியவர்கள் 2019இல் 2.4 சதவீதம், அடுத்த ஆண்டு 26.5. ஊரடங்கில் வீட்டில் அடைபட்டு ஜூம் அழைப்புகளிலும் பெற்றோர் மெசேஜ் தொல்லையிலும் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தனியாக ஓர் இடைவேளை என்ற பாணியில் அதற்கு விளம்பரம் வந்தது. பெற்றோர் தொல்லை யாருக்கு இருக்கும்? 40 வயதில் சிகரெட்டை விட நினைப்பவருக்கா? அப்புறம், இது புகையிலையிலிருந்து எடுத்த நிகோடினே இல்லை, ஆய்வகத்தில் செய்தது, ஆகவே சட்டம் எங்களைத் தொடாது என்றார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2022இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் அமெரிக்காவின் முக்கிய இ-சிகரெட் கம்பெனிகள் விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்குவிப்புக்கும் செலவழித்தது சுமார் 86 கோடி டாலர். இதில் பெரும்பங்கு டிவிக்கோ பத்திரிகைக்கோ போகவில்லை. விலைத் தள்ளுபடிக்கும், மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகைக்கும், கடைக்குள் வைக்கும் விளம்பரத்துக்கும் போனது. பிள்ளையின் கையில் இருப்பது பாக்கெட் மணி. தள்ளுபடி அந்தக் கைக்கு நேராக வரும் விளம்பரம். ஒரு விளம்பரச் சட்டத்தில் தள்ளுபடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போனால் அது எனக்குப் பெரிய குறையாகப் படும்.

இத்தனைக்கும் பிறகு பாடம் புகட்டியது நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த சமரசங்கள்தான். 2022 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு ஜூல் 43.85 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2023 ஏப்ரலில் நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்டவற்றோடு இன்னும் 46.2 கோடி. தொகையை விட எனக்கு முக்கியமாகப் படுவது நிபந்தனைகள். விளம்பரத்தில் 35 வயதுக்குக் கீழே யாரும் தோன்றக் கூடாது. கார்ட்டூன் கூடாது. இன்ஃப்ளூயன்சர்களுக்குக் காசு கொடுக்கக் கூடாது. சாலைப் பலகை, பேருந்து, ரயில் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. பிராண்டின் பேர் போட்ட சட்டை, தொப்பி விற்கக் கூடாது. பள்ளி நிகழ்ச்சிக்குப் பணம் தரக் கூடாது. பார்ப்பவர்களில் 85 சதவீதம் பெரியவர்கள் இல்லாத எந்த ஊடகத்திலும் விளம்பரம் கூடாது. கடையில் வாடிக்கையாளர் கையெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

அந்த 35 என்ற எண்ணைப் பாருங்கள். பிரிட்டனில் விளம்பர விதி 25 வயது என்கிறது. 26 வயது மாடலுக்குக் கொஞ்சம் ஒப்பனை போட்டால் கல்லூரி முதலாண்டு மாணவிபோல இருப்பார். 16 வயதுப் பெண் ஆசைப்படுவது சரியாக அந்த வயதுக்குத்தான். பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளைப் பார்த்து ஏங்குவதில்லை, இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பார்த்துத்தான் ஏங்குவார்கள். 35 வயதுக்காரர் அவர்களுக்கு அங்கிளும் ஆன்ட்டியும்தான். இந்த விதியை எழுதியவர் பதின்வயதுப் பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பல ஆண்டுகள் சிகரெட் பிடித்த ஒருவர் இ-சிகரெட்டுக்கு மாறினால் அவர் உடலுக்குள் போகும் நச்சு குறைகிறது. நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கத்தை விட நிகோடின் இ-சிகரெட்டால் சிகரெட்டை விடுபவர்கள் அதிகம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு உறுதியாகவே சொல்கிறது. அப்படிப்பட்ட பொருளை விளம்பரப்படுத்தத் தடை போட்டால் சிகரெட் பிடிப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி காட்டியது. 2016 முதல் டிவி, வானொலி, பத்திரிகை, இணைய விளம்பரங்களுக்கு அங்கே தடை. நிகோடின் அளவும் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஜூலின் அமெரிக்கப் பாட்டில் இருந்தது இதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 2023இல், சிகரெட் பிடிக்கும் 10 லட்சம் பேருக்கு அரசே வேப் கருவி கொடுத்து மாற்றும் திட்டத்தை அறிவித்தார்கள். அதாவது, வேண்டியவருக்குச் செய்தி போய்ச் சேர டைம்ஸ் சதுக்கம் தேவையில்லை; நர்ஸும் மருத்துவரும் போதும். ஆனால் பிரிட்டன் பேருந்தையும் சாலைப் பலகையையும் கடை வாசலையும் விட்டுவைத்திருந்தது. அந்த மடை வழியாக எல்ஃப் பார் போன்ற வண்ணக் குச்சிகள் வந்தன. 2023இல் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.6 சதவீதம் பேர் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிப்போடும் வகையை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். மிச்ச விளம்பரங்களை நிறுத்தும் மசோதாவை 2024 நவம்பரில் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவிலும் எண் இறங்கியிருக்கிறது. 2024இல் நடுநிலை, உயர்நிலை மாணவர்களில் 5.9 சதவீதம், சுமார் 16 லட்சம் பேர். 2019இல் 50 லட்சத்துக்கும் மேல் இருந்தது. வயது வரம்பு, வழக்குகள், வாசனைக் கட்டுப்பாடு, எதிர்விளம்பரம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இன்னும் இழுப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கிட்டத்தட்ட வாசனை சேர்த்ததைத்தான் இழுக்கிறார்கள். 2025 ஜூலையில் எஃப்.டி.ஏ. ஜூலுக்கு விற்பனை அனுமதி கொடுத்தது, புகையிலை, மென்தால் இரண்டு வாசனைகளில் மட்டும். மாம்பழம் திரும்பி வரவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2019 இறுதிக்குள் இங்கே கடை விரிக்க ஜூல் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தது. தமிழ்நாடு 2018லேயே இ-சிகரெட்டைத் தடை செய்திருந்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடுத்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமானது. முதல் தவறுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு, ஐந்து லட்சம் வரை. அமெரிக்கா அனுபவித்துக் கற்றதை நாம் அனுபவிக்காமலே கற்ற அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்தச் சட்டத்தில் விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கும் விதம் இன்னும் நல்லது. ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, இணையம், சமூக ஊடகம் எதன் வழியாகவும் செய்யும் விளம்பரம். நோட்டீஸ், லேபிள், மேலுறை, விலைப்பட்டியல் உட்பட. நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன்பாட்டைத் தூண்டும் விளம்பரத்தில் பங்கெடுப்பதும் குற்றம். உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் இன்னும் ஒரு படி போய், ஊக்குவிக்கும் நோக்கம் இருந்தாலும் சரி, ஊக்குவிக்கும் விளைவு இருந்தாலும் சரி, அது விளம்பரமே என்கிறது. இந்தியா அதை 2004இல் ஏற்று உறுதிசெய்தது. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி. வடிவத்தைப் பிடிக்காமல் விளைவைப் பிடிப்பதுதான் மடை மாறும் தண்ணீரைப் பிடிக்கும் வழி. ஏலக்காய் பாக்கெட்டைக் காட்டிப் பான்மசாலா பேரை விற்கும் வித்தையை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த நாட்டுக்கு இது புரியாததல்ல.

எழுதியாகிவிட்டது, பிடிப்பதுதான் நடக்கவில்லை. 2023இல் சுகாதார அமைச்சகம் 15 இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொதுமக்கள் புகார் சொல்ல ஒரு தளத்தையும் தொடங்கியது. ஆனால் பிள்ளையின் போனில் இரவு 11 மணிக்கு வரும் ரீல்ஸில், பாட்டுக்கு நடுவே மூக்கு வழியாக வெள்ளைப் புகை விடும் இளைஞனுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? அவன் காசு வாங்கினானா, சும்மா செய்தானா என்பது அவனுக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் வசதி அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனியிடம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழானவர் திரையில் அதைக் காட்டாமல் இருக்கும் வசதியும் இருக்கிறது. அவர்கள் மேல் அந்தக் கடமையைச் சுமத்தாதவரை, பிடிபடுவது பெட்டிக்கடைக்காரரும் பத்தாம் வகுப்புப் பையனும்தான்.

தோழியின் இழுப்பறையில் இருந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு தர்பூசணித் துண்டின் படம். எத்தனை இழுப்பு வரும் என்று ஓர் எண். நிகோடின் பற்றி, நாங்கள் பார்த்தவரை, ஒரு சொல் இல்லை. செய்தவர் பேரோ முகவரியோ இல்லை. சட்டப்படி அந்த லேபிளே ஒரு விளம்பரம் என்று அவளிடம் சொன்னேன். "சரி, யார் மேல புகார் கொடுக்கறது?" என்றாள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் குப்பைத்தொட்டியிலும் போட முடியாது. மறுபடி காகிதத்தில் சுற்றி, இழுப்பறையைப் பூட்டிவிட்டு, பையனின் அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, நாளைக்கு ஒரு தடவ நேர்ல வாங்க, பேசிக்கலாம்."